சின்ன மணிக்கட்டுக்கு ஒரு ஃபிட்னஸ் பேண்ட்

வளையல் கடையில் நின்றால் "ரெண்டு நாலு" என்று யோசிக்காமல் சொல்லிவிடுவாய். செருப்பு நம்பர் தெரியும். ஜாக்கெட் அளவு டெய்லருக்கே மனப்பாடம். மணிக்கட்டின் சுற்றளவு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் முழிப்பாய். வளையல் அளவைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2-4 என்பது வளையலின் உள்விட்டம். இரண்டே கால் அங்குலம், அதாவது 57 மி.மீ. அந்த அளவை முடிவு செய்வது வளையல் நுழையவேண்டிய விரல் முட்டிகள்தான், அது கடைசியில் போய்த் தங்கும் மணிக்கட்டு இல்லை. கை அகலம், மணிக்கட்டு ஒல்லி என்று இருக்கிறவர்கள் நம் வீட்டிலேயே எத்தனை பேர்!

"அக்கா, ஃபிட்னஸ் பேண்ட் வாங்கணும், எந்தக் கம்பெனி நல்லது?" என்று நீ கேட்டதற்கு நான் கம்பெனி பெயர் சொல்லாமல் தையல் டேப்பை எடுக்கச் சொல்வது அதனால்தான். நம்மைப் போன்ற ஒல்லிக் கைக்காரர்களுக்குக் கம்பெனி இரண்டாவது கேள்வி. அது கையில் ஒழுங்காக உட்காருமா என்பது முதல் கேள்வி. உட்காராத பேண்ட் உறுத்தும், வழுக்கிச் சுற்றும். அதோடு நாடித்துடிப்பையும் தப்பாகக் காட்டும். இந்தச் சாமானைப் பொறுத்தவரை சௌகரியம் வேறு, துல்லியம் வேறு இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அளந்துவிடு.

டேப்பும் ஏடிஎம் கார்டும்

மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஓர் எலும்பு முண்டு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும், தொட்டுப் பார். பேண்ட் உட்காரவேண்டிய இடம் அந்த முண்டின் மேல் இல்லை. அதிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு விரல் தள்ளி. அங்கேதான் அளக்கவேண்டும். தையல் டேப் இல்லாவிட்டால் நூலோ, நீளமாகக் கிழித்த காகிதத் துண்டோ போதும். சுற்றி, முனை சேரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஸ்கேலில் வைத்துப் பார். இறுக்கிப் பிடிக்காதே, தொளதொள என்றும் விடாதே.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அள. வெயில் காலத்தில் கை கொஞ்சம் வீங்கும். உப்பு அதிகம் சாப்பிட்ட மறுநாள், மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள், கர்ப்ப காலம் எல்லாமே அளவை மாற்றும். இரண்டு எண்ணையும் மி.மீட்டரில் எழுதி வைத்துக்கொள். பெட்டிகளில் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

அடுத்து அகலம். மணிக்கட்டு வட்டமாக இருப்பதில்லை, அமுங்கிய முட்டை வடிவம். 14 செ.மீ. சுற்றளவு உள்ள கையின் மேல்பக்கம் சுமார் 5 செ.மீ. அகலம் இருக்கும். அதிலும் ஓரங்கள் வளைந்து இறங்கிவிடும் என்பதால் டயல் படிந்து உட்காரக் கிடைக்கிற சமதளம் இன்னும் குறைவு. ஏடிஎம் கார்டை எடுத்து அதன் சின்னப் பக்கத்தை மணிக்கட்டுக்குக் குறுக்கே வை. அந்தப் பக்கம் 54 மி.மீ. கார்டின் இரண்டு ஓரமும் கைக்கு வெளியே எட்டிப் பார்த்தால் நீ சின்ன மணிக்கட்டுக்காரி, சந்தேகமே வேண்டாம்.

இப்போது கடைகளில் குவிந்து கிடக்கிற 2 அங்குலத் திரை வாட்ச்களை நினைத்துப் பார். 2 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்டம், 51 மி.மீ. வரும். உன் கையின் மொத்த அகலமே அவ்வளவுதான்! திரையைச் சுற்றிச் சட்டம், மேலும் கீழும் பட்டை மாட்டுகிற காதுகள் எல்லாம் வேறு இருக்கின்றன. விளம்பரத்தில் கட்டியிருக்கிற ஜிம் பையனின் கையில் அது அடக்கமாகத்தான் தெரியும்.

ஆன்லைனில் வாங்குவதென்றால் ஒரு வேலை செய். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை வீட்டில் இல்லாமலா போகும்? விவரப் பட்டியலில் டயலின் நீளம், அகலம் கொடுத்திருப்பார்கள். அந்த அளவில் அட்டையை வெட்டிக் கையில் வைத்துக் கண்ணாடியில் பார். கையை மடக்கி, தரையில் ஊன்றியும் பார். அட்டையின் ஓரம் புறங்கையில் குத்தினால் யோகாவில், சூரிய நமஸ்காரத்தில், வாட்ச் அதைவிட மோசமாகக் குத்தும். வலப்பக்கம் திருகோ பட்டனோ உள்ள வாட்ச்சை இடது கையில் கட்டிக்கொண்டு பிளாங்க் செய்தால் பட்டன் தானாக அழுந்தி, யாருக்காவது போன் போய்விடுகிற கூத்தும் நடக்கும்.

பெட்டியில் பார்க்கவேண்டிய எண்

எத்தனை விளையாட்டு மோடு, எத்தனை வாட்ச் ஃபேஸ் என்பதை எல்லாம் கொட்டை எழுத்தில் போடுவார்கள். நமக்கு வேண்டிய எண் பொடி எழுத்தில் இருக்கும்: பட்டை எத்தனை மி.மீட்டரிலிருந்து எத்தனை மி.மீ. வரைக்கும் பொருந்தும் என்பது. அதில் முதல் எண்ணைத்தான் நீ பார்க்கவேண்டும்.

ஷாவ்மி நிறுவனத்தின் மி பேண்ட் 5, 6 வந்த காலத்தில் அதன் பட்டை 155 மி.மீட்டரில்தான் ஆரம்பித்தது. 14 செ.மீ. கைக்காரி கடைசி ஓட்டையில் மாட்டினாலும் ஒன்றரை செ.மீ. தொங்கும். 2023-இல் வந்த ஸ்மார்ட் பேண்ட் 8-இல் இந்த ஆரம்ப எண் 135-க்கு இறங்கியது. ஆகவே தோழி ஒருத்தி "எனக்கு அந்தக் கம்பெனி பேண்ட் தொளதொளன்னு இருந்துச்சு" என்று சொன்னால், எந்த வருடத்து மாடல் என்று கேள். ஃபிட்பிட் சார்ஜ் 6-இன் சின்னப் பட்டை 130 முதல் 170 மி.மீ., இன்ஸ்பயர் 3-இன் சின்னப் பட்டை 140 முதல் 180 மி.மீ. ஒரே கம்பெனிக்குள்ளேயே 1 செ.மீ. வித்தியாசம் பார்த்தாயா? அவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம், சின்னதும் பெரியதுமாக இரண்டு பட்டையையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். கார்மின் விவோஸ்மார்ட் 5-இன் சின்ன அளவு 122 மி.மீட்டரில் ஆரம்பிக்கிறது. அதே கம்பெனியின் லில்லி என்கிற சின்ன வட்ட வாட்ச் 110 மி.மீ. கைக்கே பொருந்தும். நான் பார்த்தவற்றில் நிஜமாகவே சின்னக் கையை மனதில் வைத்துச் செய்தது இதுதான். டயல் 35 மி.மீ. சொச்சம், எடை சுமார் 24 கிராம். விலை கையைக் கடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லில்லி, லில்லி 2 இரண்டிலும் சொந்த ஜிபிஎஸ் கிடையாது. ஓடும்போது போனும் கூட வரவேண்டும்.

ஆப்பிள் வாட்ச் வேண்டும் என்று அடம்பிடிப்பாய் என்றால் 40 மி.மீ. எஸ்இ போதும், அதன் சின்னப் பட்டை 130-இல் ஆரம்பிக்கிறது. பக்கிளே இல்லாமல் வளையல் மாதிரி நுழைக்கிற சோலோ லூப் பட்டையும் உண்டு. அதற்கு நம்பர் கண்டுபிடிக்க ஒரு காகித அளவுகோலை அச்சிட்டுக் கையில் சுற்றிப் பார்க்கவேண்டும். நம்பர் ஒன்று தப்பினாலும் வீண் என்பதால் அவசரப்படாதே.

ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள். உன் கை 140 மி.மீ., பட்டையின் ஆரம்பமும் 140 மி.மீ. என்றால் பொருந்துகிறது என்று அர்த்தம் இல்லை. நீ கடைசி ஓட்டையில் நிற்கிறாய் என்று அர்த்தம். உடற்பயிற்சி செய்யும்போது ஓர் ஓட்டை இறுக்கவேண்டிவரும். நடந்து நடந்து இரண்டு கிலோ குறைந்தாலும் ஓட்டை வேண்டும். உன் அளவைவிடக் குறைந்தது 1 செ.மீ. கீழே ஆரம்பிக்கிற பட்டையாகப் பார்.

பெண்களுக்கான மாடல் என்று போட்டிருப்பதை நம்பாதே. நிறைய இடங்களில் அந்த வார்த்தைக்கு ரோஸ் கலர் அடித்திருக்கிறோம், ஓரத்தில் கல் பதித்திருக்கிறோம் என்பதற்கு மேல் பொருள் இல்லை. உள்ளே இருப்பது அண்ணன் கட்டுகிற அதே 44 மி.மீ. டயல்தான்.

எடையைப் பவுனில் பார்

கிராமில் சொன்னால் நமக்கு உறைக்காது, பவுனில் சொல்கிறேன். ஒரு பவுன் 8 கிராம். 24 கிராம் பேண்ட் என்றால் மூன்று பவுன் காப்பு. 40 கிராம் வாட்ச் ஐந்து பவுன். ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 61 கிராம். ஏழரைப் பவுனுக்கும் மேலே, அதுவும் பட்டை இல்லாமல். ஐந்து பவுன் காப்பைக் கல்யாணத்துக்குப் போட்டுப்போகலாம். அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி தூங்குவாயா? தூக்கத்தை அளக்கத்தானே இதை வாங்குகிறோம்!

பட்டையோடு சேர்த்த எடையா, பட்டை இல்லாமலா என்று பார்த்துக்கொள். சாம்சங் கேலக்ஸி ஃபிட் 3-க்கு 18.5 கிராம் என்று போட்டிருப்பது பட்டை நீங்கலாக. ஆனாலும் அது இலேசான சாமான்தான். 2024 பிப்ரவரியில் 4,999 ரூபாய்க்கு வந்தது. அகலம் 29 மி.மீட்டருக்குள் என்பதால் ஒல்லிக் கையில் ஓரம் தொங்காது.

எடையோடு தடிமனையும் பார். தடிமனான வாட்ச் ஒல்லிக் கையில் தலை கனத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நீ அதைத் திருப்பித் திருப்பி நேராக்கிக்கொண்டே இருப்பாய். குர்தாவின் ஒட்டிய கையில் மாட்டும், புடவை முந்தானையின் நூலை இழுக்கும். 10 மி.மீட்டரைச் சுற்றி இருந்தால் சமாளிக்கலாம், 13-ஐத் தாண்டினால் யோசி.

தளர்ந்தால் ஏன் தப்பாகக் காட்டும்?

பேண்டைத் திருப்பிப் பார்த்தால் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அதுதான் நாடித்துடிப்பைப் பார்க்கிற கண். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் கூடும், அடுத்த நொடி குறையும். அதற்கேற்பத் திரும்பி வருகிற ஒளியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் 72, 110 என்றெல்லாம் காட்டுகிறது.

இது நடக்கவேண்டுமானால் அந்தக் கண் தோலோடு ஒட்டியிருக்கவேண்டும். சின்னக் கையில் பெரிய டயல் உட்காரும்போது நடுவில் எலும்பு தூக்கிவிடும், இரண்டு ஓரமும் காற்றில் நிற்கும். டயலிலிருந்து கிளம்புகிற பட்டை விறைப்பாக இருந்தால் உடனே கீழே வளையாமல் கொஞ்ச தூரம் நேராகப் போய்ப் பிறகுதான் இறங்கும். அந்த இடைவெளி வழியாக வெளிவெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். போதாக்குறைக்குக் கை வீசி நடக்கிறபோது பேண்ட் ஒவ்வோர் அடிக்கும் ஆடும். அது உன் நடையின் தாளத்தையே நாடித்துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 150 என்று காட்டுகிறது, உனக்கோ மூச்சுகூட வாங்கவில்லை என்றால், அது எண்ணுவது பெரும்பாலும் உன் காலடியைத்தான். நின்று, பேண்டை மேலே தள்ளி, ஓர் ஓட்டை இறுக்கிப் பார். கொஞ்ச நேரத்தில் எண் இறங்கிவிடும்.

ஆகவே சாதாரண நேரத்தில் எலும்பு முண்டுக்கு ஒரு விரல் மேலே, ஒரு விரல்நுனி உள்ளே நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டு. வேகநடை, ஓட்டம், ஜிம் என்றால் இரண்டு மூன்று விரல் மேலே தள்ளி ஓர் ஓட்டை இறுக்கு. அங்கே சதை கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் சென்சார் நன்றாகப் படியும். முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடு. நாள் முழுக்க இறுக்கிக் கட்டி, கழற்றும்போது பள்ளம் விழுந்திருந்தால் அது சரியான அளவு இல்லை. எலும்பு ரொம்பத் துருத்திய கைகளுக்கு டயலை உள்பக்கம் திருப்பிக் கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்பக்கம் சமமாக இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் விரலை அசைக்கும்போதெல்லாம் அங்கே நரம்பு போல ஓடுகிற தசைநாண்கள் நகரும், மேஜையில் உரசித் திரையும் கீறும். எனக்கு அதில் இஷ்டமில்லை.

கலோரி எண்ணை மட்டும் பெரிதாக நம்பாதே. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. கலோரியிலோ, இருந்ததிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தப்பியது. பேண்ட் 300 கலோரி என்று சொல்லிவிட்டதே என்று இரண்டு மைசூர்பாகு எடுத்துப் போட்டுக்கொள்ளாதே.

பட்டையை மாற்றினாலே பாதி சரி

ஏற்கெனவே வாங்கிவிட்டாய், டயல் பரவாயில்லை, பட்டைதான் பெரிசு என்றால் சாமானைத் தூக்கிப் போடவேண்டாம். இரண்டு ஓரத்திலும் சின்ன ஸ்பிரிங் பின் வைத்த பட்டை என்றால் அகலம் 16, 18, 20, 22 மி.மீ. என்று பொது அளவுகளில் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். கம்பெனியே தனி வடிவில் செய்த கொக்கி என்றால் அதற்கென்று வருகிற பட்டையைத்தான் தேடவேண்டும்.

சின்னக் கைக்கு என் ஓட்டு வெல்க்ரோ வைத்த நைலான் பட்டைக்கு. ஓட்டைக் கணக்கே கிடையாது, எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். மெல்லிசாக இருப்பதால் கையோடு வளையும், காற்றும் போகும். ஒரே குறை, தண்ணீர் பட்டால் காய நேரமாகும். பாத்திரம் கழுவிவிட்டு ஈரப் பட்டையோடு உட்கார்ந்தால் ஊறல் எடுக்கும். இழுபடுகிற எலாஸ்டிக் பட்டை தூங்கும்போது சுகம். நாளாக ஆகத் தளர்ந்துவிடும். காந்தத்தில் ஒட்டுகிற உலோக வலைப் பட்டை பார்க்க அழகு. எந்த அளவுக்கும் நிற்கும், ஆனால் ஓட்டத்தில் மெல்ல மெல்ல வழுக்கும், கையில் பூனைமுடி இருந்தால் பிடுங்கும்.

சிலிக்கான் பட்டையில் ஊசியைக் காய்ச்சி ஓட்டை போடுகிற வேலை வேண்டாம். அந்த இடத்திலிருந்து கிழியும். தோல் பட்டை என்றால் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொடுத்தால் நொடியில் பஞ்ச் போட்டுத் தருவார். ஆனால் வியர்வைக்குத் தோல் ஆகாது என்பதால் அது ஆபீசுக்கு மட்டும்.

வளையல், மஞ்சள், சோப்பு

கம்பெனிக்காரர்கள் யாரும் நம் வளையலைப் பற்றி யோசிப்பதில்லை. வளையல் போட்ட கையிலேயே பேண்டும் கட்டவேண்டும் என்றால் பேண்ட் மேலே, முழங்கைப் பக்கம். வளையல் கீழே, உள்ளங்கைப் பக்கம். மாற்றிக் கட்டினால் பேண்ட் எலும்பு முண்டில் வந்து உட்காரும், வளையல்கள் கையைத் தொங்கப் போடும்போதெல்லாம் அதன் மேல் வந்து இடிக்கும். கண்ணாடி வளையலும் கல் வளையலும் பிளாஸ்டிக் திரையைக் கீறிவிடும். இரண்டு கையிலும் வளையல் கட்டாயம் என்கிற வீட்டில், பேண்ட் கட்டுகிற கையில் ஒற்றை வளையலோடு நிறுத்திக்கொள். மாமியார் கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல், போ.

எந்தக் கை? அதிகம் வேலை செய்யாத கை. செயலியிலும் அதைச் சரியாகக் குறித்துவிடு. மாவு பிசைவதும் தோசை திருப்புவதும் துணி அலசுவதும் வலது கையில் கட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக நடைக்கணக்கில் ஏறிவிடும். அதற்கு நேர்மாறாக, இடுப்பில் குழந்தையோடு நடந்தாலும், சூப்பர் மார்க்கெட்டில் டிராலி தள்ளினாலும், கை அசையாததால் நிஜமாக நடந்த நடை குறைவாகப் பதியும். அது பேண்டின் பழுது இல்லை, சுபாவம். பத்தாயிரம் அடி ஆகவில்லையே என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடக்காதே. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பிறந்தது. 2019-இல் வயதான பெண்கள் பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில், ஒரு நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை.

வெளிர் நிறப் பட்டை வாங்காதே. சமையலறையில் நிற்கிற கைக்கு வெள்ளையும் இளம் ரோஸும் ஒரு வாரம் தாங்காது, மஞ்சள் ஏறிவிடும். ஏறிவிட்டால் சோப்புப் போட்டுத் தேய்க்கிறதைவிட, பட்டையை மட்டும் கழற்றி வெயிலில் போடு. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும். டயலை வெயிலில் வைக்காதே, பேட்டரி கெட்டுவிடும்.

தண்ணீர் தாங்கும் அளவு 5 ஏடிஎம் என்று போட்டிருந்தால் மழையிலும் நீச்சல் குளத்திலும் பயமில்லை. வெந்நீர்க் குளியல் வேறு விஷயம். சூடும் சோப்பும் சேர்ந்து ஓரத்து ரப்பரைத் தளர்த்தும். குளிக்கிற நேரத்தைப் பேண்டைக் கழற்றுகிற நேரமாக வைத்துக்கொள். தோலுக்கு ஓய்வு, அதற்குச் சார்ஜ்.

அரிப்பு வந்தால்

பெரும்பாலான அரிப்புக்குக் காரணம் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்ட வியர்வையும் சோப்பும்தான். ஒல்லிக் கைக்காரர்கள் பேண்ட் சுற்றாமல் இருக்க இறுக்கிக் கட்டுவதால் நமக்கு இது கொஞ்சம் அதிகம். சென்னை, தூத்துக்குடி மாதிரிப் புழுக்கமான ஊரில் இருந்தால் சித்திரை, வைகாசியில் வேர்க்குரு மாதிரியே கிளம்பும். தினமும் பட்டையைத் தண்ணீரில் அலசித் துடை. கையையும் துடைத்துக் காயவிட்டுப் பிறகு கட்டு. தேங்காய் எண்ணெய், லோஷன் தடவிய கையில் உடனே கட்டாதே.

கவரிங் தோடு போட்டால் உனக்குக் காது புண்ணாகுமா? அப்படியென்றால் நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். பக்கிளிலும் சில டயல்களின் அடியிலும் நிக்கல் கலந்த உலோகம் உண்டு. பக்கிள் படுகிற இடத்தில் மட்டும் சதுரமாகச் சிவந்தால் அதுதான் சந்தேகப்பட வேண்டிய ஆள். பிளாஸ்டிக் பக்கிளோ வெல்க்ரோவோ வைத்த பட்டைக்கு மாறு. இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கும் நடந்ததுதான். 2014-இல் ஃபிட்பிட் நிறுவனம் ஃபோர்ஸ் என்ற மாடலைத் தோல் தடிப்புப் புகார்களால் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. கொப்புளம், நீர் கசிவு என்று போனால் கை வைத்தியம் பார்க்காமல் தோல் டாக்டரிடம் போ.

இன்னும் ஒன்று, இதில் விளையாட்டே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள் அந்தப் பக்கக் கையில் இறுக்கமாக எதையும் கட்டக்கூடாது, கை வீங்கும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையிலும் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக் காந்தப் பட்டையும் காந்தச் சார்ஜரும் நெஞ்சிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளியே இருக்கவேண்டும்.

மணிக்கட்டே வேண்டாம் என்றால்

எதைக் கட்டினாலும் உறுத்துகிறது என்கிறவர்களும் உண்டு. மோதிரம் இருக்கிறது. பெங்களூரு கம்பெனியான அல்ட்ராஹியூமனின் ரிங் ஏர் 4 கிராம்கூட இல்லை. தூக்கத்தைப் பார்க்க மோதிரம் நல்லது. ஆனால் தங்க மோதிர அளவை வைத்து ஆர்டர் போடாதே. முதலில் அனுப்புகிற பிளாஸ்டிக் மாதிரி மோதிரங்களை ஒரு நாள் முழுக்க, இரவும் சேர்த்துப் போட்டுப் பார்த்துத்தான் நம்பரைச் சொல்லவேண்டும். பாத்திரப் பிடியும் டம்பெல் கம்பியும் அதைக் கீறும். உள்ளே இருக்கிற பேட்டரியை மாற்ற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். ஜிம்முக்கு மட்டும்தான் நாடித்துடிப்பு வேண்டும் என்றால், போலார் வெரிட்டி சென்ஸ் மாதிரி மேல்கையில் கட்டுகிற எலாஸ்டிக் பட்டை எந்த ஒல்லி மணிக்கட்டையும் பற்றிக் கவலைப்படாது.

கடைக்குப் போய் வாங்க முடிந்தால் போ. டெமோ பீஸைக் கட்டி, கையை உதறு, மேஜையில் ஊன்று, கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டுப் பார். முடி பக்கிளில் மாட்டுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். விற்பவர் "போகப் போகப் பழகிடும் மேடம்" என்றால் நம்பாதே. புதுச்செருப்பு கடித்துப் பழகும், டயல் சின்னதாகாது. ஆன்லைனில் வாங்கினால் ரிட்டர்ன் உண்டா, ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தானா என்று முதலில் படி. ரீப்ளேஸ்மென்ட் மட்டும் என்றால் அதே பெரிய வாட்ச் இன்னொன்று வரும், அவ்வளவுதான். பட்டையில் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் கட்டிப் பார்.

அம்மாவுக்கும் சேர்த்து ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அம்மாவின் தோல் இப்போது மெல்லிசாகிவிட்டது. பக்கிளை ஒற்றைக் கையால் மாட்டுவதும் அவர்களுக்குச் சிரமம். நடையை மட்டும்தானே எண்ணவேண்டும்? இன்ஸ்பயர் 3-ஐ மாட்டுகிற கிளிப் தனியாகக் கிடைக்கிறது. புடவையில் இடுப்புக் கொசுவத்தில் செருகிவிடலாம், டிராலி தள்ளினாலும் கணக்குத் தப்பாது. கிளிப்பில் இருக்கும்போது நாடித்துடிப்பு வராது. அது அம்மாவுக்கு வேண்டியதும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கி, வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனை எல்லாம் அணைத்துவிட்டுக் கொடு. இல்லாவிட்டால் குடும்ப குரூப்பில் குட்மார்னிங் வருகிறபோதெல்லாம் இடுப்பில் அதிர்ந்து, என்னவோ ஏதோ என்று உனக்குத்தான் போன் போடுவார்கள்.